திருப்பி அனுப்பும் அதிகாரம்

'படைப்பெழுத்தும் ஊடகத் துறையும்' என்று ஃபிளெக்ஸ் கட்டிப் பள்ளிக்கூடங்களில் நடத்தும் பயிலரங்குகளுக்கு அவ்வப்போது கருத்தாளராகப் போய்வருகிறேன். பெரும்பாலும் என்னோடு ஓர் எழுத்தாளரும் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் ஒருவரும் வந்திருப்பார்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடியவே பதினோரு மணி ஆகிவிடும். எழுத்தாளர் தன் பால்ய காலத்தைச் சொல்வார். செய்தி வாசிப்பாளரோடு பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ். எங்களையெல்லாம் விட்டுவிட்டு, பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தை வெட்டித் திருத்துகிற உதவி ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டால் போதும் என்பது என் கட்சி.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பேனாவை எடுத்த வேகத்தில் எல்லார் தாளிலும் மேகம் கறுத்தது, மயில் தோகை விரித்தது, மண்வாசனை வீசியது. கரிசல் காட்டில் மயிலுக்குக் குறைச்சல் இல்லைதான். அதற்காக அத்தனை வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் ஆடியிருக்க முடியாது. தாளைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, "மழை வந்தா உங்க வீட்ல எந்த வேலை நின்னுபோகும்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேனாக்கள் நகரவில்லை. பிறகு ஒரு பையன், செங்கல் சூளையில் அறுத்துப் போட்ட பச்சைக்கல் விடிவதற்குள் கரைந்துபோனதை எழுதினான். தார்ப்பாயை இழுத்துப் பிடித்தபடி அப்பா திட்டிய வசவை எழுதலாமா என்று எழுந்து கேட்டான். எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதியது இது: தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கிய குச்சி காயாது, அன்றைக்கு அம்மாவுக்கு வேலை கிடையாது, வீட்டில் இருக்கிற அம்மா பணியாரம் சுடுவாள், ஆகையால் தனக்கு மழை பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது. அதோடு நிறுத்தாமல், மழைநீரைச் சேமிப்போம், மண்ணுலகைக் காப்போம் என்று கீழே இரண்டு வரி சேர்த்திருந்தாள்.

அந்த இரண்டு வரியை அடிக்கச் சொன்னதும் தமிழம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "முடிவுரை இல்லைன்னா மார்க் போயிரும் சார்." அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உபதலைப்பு போட்டு அடிக்கோடு இட்டால்தான் விடைத்தாளில் மதிப்பெண் விழுகிறது. பரீட்சைக்கு ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி என்று சமாதானமானோம். அந்தப் பெண் அரைமனசோடு அடித்தாள். அடித்த பிறகு அவளாகவே கேட்டாள்: "அன்னைக்கு அம்மாவுக்கு எவ்வளவு கூலி போச்சுன்னு எழுதணுமா சார்?" வீட்டில் கேட்டு எழுது என்றேன். காலையிலிருந்து நாங்கள் பேசிய ஊடகத் துறை அந்தக் கேள்வியில்தான் அவளுக்குள் நுழைந்தது.

கேள்வி நேரத்தில் எல்லாப் பள்ளியிலும் தவறாமல் வருவது, "இந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம்?" ஆசிரியர்கள் உடனே அதட்டி உட்காரவைப்பார்கள். எனக்கு அதுதான் அன்றைக்கு வந்த உருப்படியான கேள்வியாகத் தோன்றும். சின்ன ஊர்களில் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓடுகிற பகுதிநேர நிருபர்கள் உண்டு. விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருக்கும். மைக் பிடித்து நிற்பவருக்குப் பின்னால் படத்தொகுப்பாளர், பிழை திருத்துபவர், பக்கம் வடிவமைப்பவர் என்று முகம் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் சோர்ந்துபோகவில்லை. பிழை திருத்துவதற்குத் தனியாக ஒருத்தருக்குச் சம்பளம் தருவார்கள் என்று கேட்டு வாயைப் பிளந்தவர்கள்தான் அதிகம்.

எழுத்தையும் பத்திரிகை வேலையையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல உதாரணம் தூரத்தில் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்தான் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனுக்கும் கு. அழகிரிசாமிக்கும் ஊர். கி.ரா., மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டவர். அழகிரிசாமி பத்திர ஆபீஸில் பார்த்த குமாஸ்தா உத்தியோகத்தை உதறிவிட்டுப் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். 1950களில் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழிலும் சில வருஷங்கள் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். கதை எழுதுவதும், அடுத்தவர் எழுத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்புவதும் அவருக்கு ஒரே மேஜையில் நடந்தன.

அதே 'தமிழ் நேசன்', அவர் போவதற்குக் கொஞ்சம் முன்பு, 'கதை வகுப்பு' என்று ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சிறுகதை எழுதுவதைப் பத்திரிகையிலேயே பாடமாக நடத்தினார்கள். பயிற்சி கொடுத்து, வந்தவற்றைத் தரம் பார்த்தார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே பக்கம் ஒதுக்கியது. மலேசிய, சிங்கப்பூர் இலக்கியத்தில் பின்னாளில் பெயர் பெற்றவர்கள் பலர் இந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள். பொன்னாடையும் சான்றிதழும் கொடுத்து ஒரே நாளில் மூட்டை கட்டிய காரியமில்லை அது. எழுதி அனுப்பினால் யாரோ படித்துப் பதில் சொல்வார்கள் என்ற நிச்சயம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது. நம் பள்ளிக் கல்வித் துறையும் 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழ்களைத் தொடங்கியது. அச்சில் தன் பெயரைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அச்சேறாத கதை ஏன் ஏறவில்லை என்று சொல்ல ஊரிலேயே ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் கோவில்பட்டிப் பள்ளியில் இதைத்தான் கேட்டேன்: நினைவுப் பரிசுக்கு ஆகிற காசில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுங்கள், ஒன்பதாம் வகுப்பில் நாலு பேரை ஆசிரியர் குழுவாக வையுங்கள், யார் எழுதியதானாலும் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இருக்கட்டும். சரி என்றார்கள். சூளைப் பையனை ஆசிரியராகப் போட்டார்களாம். முதல் இதழுக்குத் தலைமையாசிரியர் இரண்டு பக்க வாழ்த்துரை எழுதிக் கொடுத்திருக்கிறார். 'இடம் இல்லை, நாலு வரியில் தரவும்' என்று சிவப்பு மையில் குறித்து அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். பள்ளி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாகத் தமிழம்மா போனில் சொன்னார். மறுநாள் ஐந்து வரி வந்திருக்கிறது. அதிலும் ஒரு வரியை வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.