சைபர் நோட்டு

காரைக்காலைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர் பாரிசில் பணியாற்றுகிறார். கட்டடங்களின் படம் பொறித்த பணத்தாள்களைச் சேர்ப்பது நம் நெடுநாள் பழக்கம் என்பதை அறிந்தவர். சென்ற விடுமுறையில் மயிலாப்பூரிலுள்ள நம் இல்லத்திற்கு வந்தபோது ஊதா நிறத் தாளொன்றை நம் கையில் வைத்தார். மெய்யான யூரோ நோட்டுக்குரிய காகிதம், நீர்க்குறி, மின்னும் பட்டை யாவும் இருந்தன. ஒரு பக்கத்தில் ஓர் அருங்காட்சியகத்தின் படம். மதிப்பு மட்டும் சைபர்!

2015இல் பிரான்சு நாட்டில் தொடங்கிய வழக்கம் இது. அருங்காட்சியகங்களும் சுற்றுலாத் தலங்களும் தத்தம் படம் தாங்கிய இத்தாளை இரண்டு யூரோ அளவில் விற்கின்றன. அதைக் கொடுத்து ஒரு ரொட்டியும் வாங்க இயலாது.

'சைபர்' என்னும் சொல்லைப் பாருங்கள். வெறுமை எனப் பொருள்படும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தின் வழியே நம் பள்ளிக்கூடக் கணக்கில் புகுந்தது. அரபிகளோ அவ்வெண்ணை இந்தியாவிடம் கற்றவர்கள். இங்கே புறப்பட்டது இத்தனை ஊர் சுற்றி மயிலாப்பூருக்கே வந்திருக்கிறது!

ஆல்பத்தில் அதனைச் செருகும்போது மாணவர் தயங்கியவாறு கேட்டார்: "ஹஜ்ரத், இரண்டு யூரோ கொடுத்து நோட்டு வாங்கியது கூடுமா?"

ஒரே இனப் பணத்தைப் பணத்துக்கு மாற்றுகையில் மிகுதி கொண்டால் ரிபா என்று அவருக்கு ஓதிக்கொடுத்தவர் நாமே. "இது பணமன்று, தம்பி. படத்துக்குத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள்" என்றோம். தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட பழைய ஆயிரம் ரூபாய்த் தாளும் 1978இல் செல்லாததாக்கப்பட்டபின் வெறும் சரக்குதான் என்று விளக்கமும் சொன்னோம்.

சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். அங்கே கோனார்க் கோயில் படமுள்ள பத்து ரூபாய்த் தாள். இன்றும் செல்லும் தாள். எண்ணின் இறுதியில் 786. தியாகராய நகரில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், நம் தொப்பியைக் கண்ட வியாபாரி அதனைத் தனியே எடுத்துக் காட்டினார். பிஸ்மில்லாஹ்வின் எண்ணாயிற்றே என்ற ஆசையில் முந்நூறு ரூபாய் கொடுத்தோம். பாடம் நடத்தும் நாமே பத்துக்கு முந்நூறு!

மாணவரும் அதைக் கண்டார். அதபு கருதி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

மறுநாள் காலை அத்தாளை உருவிக்கொண்டு தெற்கு மாட வீதிக்கு நடந்தோம். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினோம். காய்கறிக்கார அம்மாள் எண்ணைப் பாராமலே தாளைச் சுருட்டிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.