விட்டுவந்த விமானம்



தென்துருவத்தை 1911-இல் முதன்முதலாக எட்டிய நார்வே நாட்டவர் ரோவால்ட் அமுண்ட்சனை நீங்கள் அறிவீர்கள். ஆஸ்கர் ஓம்டாலின் பெயரை உங்களில் அநேகர் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் நார்வே கடற்படையின் விமானி. ஆயினும் 1925-இல் அமுண்ட்சன் வடதுருவத்தை நோக்கிப் பறந்தபோது, அவருக்குக் கிடைத்தது இயந்திரங்களைப் பேணும் மெக்கானிக்கின் பொறுப்பே.

மே 21 அன்று ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து ஆறு பேருடன் இரண்டு விமானங்கள் புறப்பட்டன. எட்டு மணி நேரம் பறந்தபின், துருவத்திற்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் இப்பால், உறைகடலின் நடுவே அவை தனித்தனியே இறங்கின. ஓம்டால் இருந்த என்-24 விமானத்தின் அடிப்பாகம் சேதமுற்று, உள்ளே நீர் புகுந்தது; ஒரு இயந்திரமும் பழுதடைந்தது. டீட்ரிக்சனும் எல்ஸ்வொர்த்தும் நீரை இறைக்க, ஓம்டால் இயந்திரத்தைச் சீராக்கப் பாடுபட்டார். உறைகுளிரில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறையோடு சிறு திருகாணியைப் பிடிக்க இயலாது. அப்படிப்பட்ட வேலை அது.

அந்த விமானம் தேறவில்லை. அதை விட்டுவிட்டு, மூவரும் அமுண்ட்சன் இருந்த என்-25 விமானத்தை நோக்கிப் பனியின்மேல் நடந்தார்கள். வழியில் மெல்லிய பனி உடைந்து ஓம்டாலும் டீட்ரிக்சனும் கடலுக்குள் விழுந்தனர். எல்ஸ்வொர்த்தின் துணிவால் உயிர் தப்பினர்.

இவ்வரலாற்றில் என் மனம் தங்குவது இவ்விடத்திலேதான். தான் பேணிய விமானத்தைப் பனியில் விட்டுவந்த அந்த மனிதர், பிறர் விமானத்தின் அருகே சும்மா அமர்ந்திருக்கவில்லை. மிகக் குறைந்த உணவோடு, ஆறு பேரும் வாரக்கணக்கில் பனியை வெட்டி ஓடுபாதை அமைத்தார்கள். அவர்கள் அகற்றிய பனி நூற்றுக்கணக்கான டன். பலமுறை முயன்று தோற்றபின், ஜூன் 15 அன்று அறுவரையும் சுமந்து என்-25 மேலெழும்பிற்று.

அன்பர்களே, ஆண்டுக்கணக்காய் உழைத்த வேலையையோ, கட்டியெழுப்பிய தொழிலையோ பாதியில் விட்டுவரவேண்டிய நிலை உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்த இழப்பைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். என்-24 திரும்பி வரவே இல்லை. ஆனால் அதைச் சீராக்க முயன்ற கைகள் பனியில் விடப்படவில்லை. இழந்ததைப் பற்றிய துயரம் ஒன்று. இனி நம் கைகளுக்கு வேலையே இல்லை என்ற எண்ணம் வேறொன்று. முன்னது நியாயமானது, பின்னது பொய்.

மறு ஆண்டு, 1926 மே 12 அன்று, நார்கே என்னும் ஆகாயக் கப்பல் வடதுருவத்தின்மேல் பறந்தது. அதன் இயந்திரங்களைப் பேணியவர்களில் ஓம்டாலும் ஒருவர். 1927 டிசம்பரில் வேறொரு விமானப் பயணத்தில் அவர் காணாமற்போனார்.

இந்த வாரம் உங்களருகே யாருடைய ஓடுபாதையில் பனி குவிந்திருக்கிறதென்று பாருங்கள். அது உங்கள் விமானமாய் இராமற்போகலாம். ஆயினும் போய் ஒரு கை கொடுங்கள்.