மூன்று இணைக் காலணிகள்



எங்கள் எதிர்வீட்டு அம்மையார் முறுக்கு பிழிவதில் கைதேர்ந்தவர். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அவர் வீட்டு வாணலி அடுப்பேறிவிடும். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, கலங்கிய முகத்தோடு என் வாயிலில் வந்து நின்றார். கீழ்வீட்டார் எண்ணெய்ப் புகையைப் பற்றிக் குறைகூறினார்களாம்.

"சார், வீவகவிலிருந்து ஆள் வந்தா என்ன சொல்றது? லைசென்சு எடுக்கணுமா?"

அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டில் சமைத்து விற்போர் தொழிலை நிறுத்த நேர்ந்தது. மே 12ஆம் நாள்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்தச் சில வாரங்களை அவர் இன்னும் மறக்கவில்லை.

விதிகளைப் படித்து விளக்குவதில் ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குத் தனி மகிழ்ச்சி! கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிமுன் அமர்ந்தேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சிறிய அளவிலான வீட்டுத் தொழில்களுக்கு இடம் தந்துள்ளன. பலகாரம் செய்தல், தையல், சிகையலங்காரம் போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டியதில்லை. வெளியாள் வேலைக்குக் கூடாது. வீட்டில் விளம்பரப் பலகை கூடாது. பெரிய தொழிற்கூடக் கருவிகள் கூடாது. அண்டை அயலாருக்குத் தொல்லை கூடாது. 2003இல் வந்த வீட்டு அலுவலகத் திட்டம் வேறு. அதற்குப் பதிவு வேண்டும். பலர் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"உரிமம் வேண்டாம் அம்மா. கீழ்வீட்டாரிடம் ஒரு சொல் பேசிவிட்டு, அவர்கள் துணி காயப்போடாத நேரத்தில் பொரியுங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

அவர் சென்றபின்தான் அதே பட்டியலில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. துணைப்பாட வகுப்பு: ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் கூடாது.

சனிக்கிழமை காலைகளில் என் வீட்டுக்கு வருவோர் ஐவர்.

பத்துப் பேருக்குக் கற்பித்தால்தான் அது பள்ளியாகும், கல்வி அமைச்சில் பதிய வேண்டும் என்பதை நான் அறிவேன். ஒன்பது வரை அச்சமில்லை என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். வீட்டுக்குரிய விதி தனியே இருக்கும் என்று தோன்றவே இல்லை. பிறருக்கு விதியை விளக்கிய வாயால் எனக்கு என்ன சொல்லிக்கொள்வது?

யாரும் குறைகூறவில்லை என்பது உண்மைதான். ஆயினும் தாழ்வாரத்தில் சிதறிக் கிடக்கும் ஐந்து இணைக் காலணிகளையும், பக்கத்துவீட்டில் உறங்கும் கைக்குழந்தையையும் நினைத்துப் பார்த்தேன். விதியில் நியாயம் இருக்கிறது. எனினும் ஒரு மனக்குறை. முறுக்குக்கு 'சிறிய அளவு' என்பதோடு விட்டவர்கள், பிள்ளைகளுக்கு மட்டும் எண் வைத்துவிட்டார்கள். இந்த ஐவரில் நால்வர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். என் வகுப்பின் உயிரே அவர்கள் தங்களுக்குள் தமிழில் வாதாடுவதுதான். மூவர் இருந்தால் ஒருவன் வாய்மூடிக்கொள்ள, மற்ற இருவரும் என்னைப் பார்த்தே பேசுகிறார்கள்.

மறுவாரமே பெற்றோரிடம் கூறி, காலையில் மூவர், மாலையில் இருவர் எனப் பிரித்தேன். மாலைக்கு வர வேண்டிய சிறுவனின் தாயாருக்கு அந்நேரத்தில் வேலை. "பரவாயில்லை சார், அவன் நின்னுக்கட்டும்" என்றார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காலையில் வந்த ஒரு பெண்பிள்ளை நேரம் மாற்றிக்கொள்ள முன்வந்ததால் அவன் தப்பினான்.

இப்போது மாதம் ஒருமுறை, புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் ஐவரும் கூடுகிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, பாடநூலும் இல்லை. சென்ற முறை, 'கைப்பேசி நல்லதா கெட்டதா' என்று பெருங்கூச்சல். எதிர்வீட்டு அம்மையார் ஒரு டப்பா முறுக்கோடு இறங்கி வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.