கைதட்டல் இல்லாத கச்சேரி

கல்ஃபிலிருந்து வரும் பெட்டிகளுக்கென்று ஒரு வாசனை உண்டு. சென்ட், பவுடர், புது பிளாஸ்டிக் எல்லாம் கலந்து அடிக்கும். எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. கரமனையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த நண்பனின் அண்ணன் அபுதாபியில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு அவர் கொண்டுவந்த பெட்டியில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் ஒன்றும், மேலே எதுவும் எழுதாத சில டிடிகே கேசட்டுகளும் இருந்தன. கூட வேலை செய்த ஜப்பானிய இன்ஜினியர் பதிந்து கொடுத்தவை அவை.

"மக்களே, பாட்டு வரும்னு காத்திருக்க வேண்டாம் கேட்டோ. வாசிப்பு மாத்திரம்தான்" என்றார் சேட்டன்.

எங்கள் ஊர் வீடுகளில் ஜப்பான் என்றால் அதுவரை கடிகாரம், ரேடியோ, தையல் மெஷின். அந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்து அந்த நாட்டு இசையே வரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. ஒரு எலெக்ட்ரிக் கிதார் துல்லியமாக ஒரு மெட்டைப் பாடியது. அடியில் பேஸ் கிதார் தன் போக்கில் தாளத்தைப் பின்னிக்கொண்டே போனது. நடுவே எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, பேஸும் டிரம்ஸும் தனியே வாசித்தன. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அது தனி ஆவர்த்தனமாகவே கேட்டது.

அந்தக் குழுவின் பெயர் கேஸியோப்பியா என்பதும், அந்தத் தொகுப்பு 'மிண்ட் ஜாம்ஸ்' என்பதும் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. நான்கே பேர். கிதாரில் இஸ்ஸேய் நோரோ, பேஸில் டெட்சுவோ சகுராய், கீபோர்டில் மினோரு முகாயா, டிரம்ஸில் அகிரா ஜிம்போ. 1982 இல் டோக்கியோவில் ஆட்களை உட்கார வைத்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்தார்கள். பிறகு கூட்டத்தின் சத்தத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். நேரில் வாசிக்கும் சூடு அப்படியே இருக்கிறது. கைதட்டல் மட்டும் காதில் விழுவதில்லை.

கைதட்டல் இல்லாத கச்சேரி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கிழக்கே கோட்டையில் பத்மநாப சுவாமி கோவிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் இன்றும் யாரும் கை தட்டக் கூடாது. அப்பா என்னை அங்கே கூட்டிப் போவார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியோடு தரையில் உட்கார வேண்டும். மேலே கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள், ஒலி சீராகப் பரவுவதற்காக. பாட்டு முடியும். அடுத்த பாட்டு தொடங்கும். இடையில் இருப்பது மௌனம்தான். பாராட்டை எதிர்பார்க்க வழியில்லாத இடத்தில் பாடகர் எதை நம்பிப் பாடுகிறார் என்று அப்போது யோசித்திருக்கிறேன். பக்கத்தில் வயலின் வாசிப்பவரை நம்பி, மிருதங்கத்தை நம்பி. அந்த மண்டபத்தில் 2006 வரை பெண்கள் பாடியதில்லை. அந்த ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் பாடி அந்த வழக்கத்தை முடித்துவைத்தார். ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி அவர். அந்தக் கல்லூரி 1939 இல் தொடங்கியபோது முதல் முதல்வராக இருந்தவர் நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

வயலினைச் சொன்னதும் வடிவேலு நினைவுக்கு வருகிறார். தஞ்சை நால்வரில் இளையவர், முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். தஞ்சையை விட்டு வந்து ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் சேர்ந்தார். ஐரோப்பியர்களோடு கப்பலில் வந்த வயலின் அப்போது நம் சங்கீதத்துக்கு நேற்றைய வரவு. அதைக் கமகத்துக்கு வளைத்து அவர் வாசித்த வாசிப்பைக் கேட்டு மகாராஜா 1834 இல் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஃப்யூஷன் என்ற பெயர் பிறப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் அது நடந்துவிட்டது. இன்று கர்நாடகக் கச்சேரி மேடையில் வயலினை யாரும் வெளிநாட்டு வாத்தியமாகப் பார்ப்பதில்லை.

ஜப்பான்காரர்கள் செய்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 1970 இல் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' வெளியானது. ஜாஸும் ராக்கும் மின்சார வாத்தியங்களும் ஒன்றாகக் கலந்தன. வெதர் ரிப்போர்ட், ரிட்டர்ன் டு ஃபாரெவர் என்று அமெரிக்காவில் பெரிய குழுக்கள் எழுந்தன. டோக்கியோவின் இளைஞர்கள் அவற்றை ஊன்றிக் கேட்டார்கள். ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காப்பிக் கடைகளில், பேச்சைக் குறைத்துக்கொண்டு இசைத்தட்டு கேட்பதற்கென்றே உட்காரும் வழக்கம் அங்கே உண்டு. அப்படிக் கேட்டுக் கற்றதில் தங்களுடையதாக ஒன்றைச் சேர்த்தார்கள். மெட்டு. எவ்வளவு சிக்கலான தாளம் வந்தாலும், முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டை அவர்கள் கைவிடுவதில்லை.

டி-ஸ்கொயரைக் கேட்டால் இது புரியும். மெய்ஜி பல்கலைக்கழக மாணவர்கள் 1976 இல் தொடங்கிய குழு. அவர்களுடைய 'ட்ரூத்' 1987 இல் வந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் அடையாள இசையாகி, ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் முன்னால் நிற்பது ஊதி வாசிக்கும் ஒரு மின்னணு வாத்தியம். மூச்சு மனிதனுடையது, ஒலி இயந்திரத்தினுடையது. அதை வாசித்த டகேஷி இடோ மூச்சின் ஏற்ற இறக்கத்தை இயந்திரத்துக்குள் கொண்டுபோய்விட்டார். வடிவேலு கமகத்தை வயலினுக்குள் கொண்டுபோனதைப் போன்ற காரியம் அது.

கேஸியோப்பியாவின் முகாயா பின்னாளில் ஜப்பானிய ரயில் நிலையங்களுக்குப் புறப்பாட்டு மெட்டுகள் அமைத்தார். வண்டி கிளம்பும்முன் சில நொடிகள் ஒலிக்கும் மெட்டு. தம்பானூர் நிலையத்தில் அறிவிப்புக்கு முன் மணி அடிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். பெரிய மேடைகளில் வாசித்த ஒருவர், அலுவலகத்துக்கு ஓடுகிறவனின் சில நொடிகளுக்கும் அதே அக்கறையைக் கொடுத்திருக்கிறார்.

டோக்கியோ இப்படி மேற்கைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்த எழுபதுகளில்தான், எதிர்த் திசையில் இங்கிலாந்துக்காரரான ஜான் மெக்லாலின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்த அதே ராமநாதன். மின்சாரக் கிதாரில் உச்சத்தில் இருந்த ஒருவர் அதை இறக்கிவைத்துவிட்டு மாணவனாகத் தரையில் அமர்ந்தார். அதன் பலன்தான் சக்தி என்ற குழு. வயலினில் எல். ஷங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயகராம். ஷங்கரின் பிள்ளைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. அங்கே இசை கற்பித்துவந்த தந்தை லட்சுமிநாராயணா, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பினார். சக்தியின் முதல் தொகுப்பு 1975 இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நேரடியாகப் பதிவானது. அதில் விக்கு விநாயகராமின் கடத்தைக் கேட்கும்போது நவராத்திரி மண்டபத்தின் கூரை என் கண்முன் வரும். அங்கே பானைகள் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கே ஒரு பானை பேசியது. 2024 இல் சக்தியின் 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்கு கிராமி கிடைத்தபோது, அந்த முதல் கடத்தின் ஒலிதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

வயலின் மறுபடியும் என்னை இந்த ஊருக்கே இழுத்து வருகிறது. பாளையத்தில் உள்ள யூனிவர்சிட்டி காலேஜில் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பையன் நண்பர்களைச் சேர்த்து 'கன்ஃப்யூஷன்' என்று குழு அமைத்தான். பாலபாஸ்கர். மாமா பி. சசிகுமாரிடம் சின்ன வயதிலேயே முறையாக வயலின் கற்றவன். கையில் எலெக்ட்ரிக் வயலின், பின்னால் டிரம்ஸும் கீபோர்டும். ராகத்தின் இலக்கணத்தை மீறாமல், இளைஞர்களை எழுந்து ஆட வைக்க அவனால் முடிந்தது. 2008 இல் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் கிடைத்தது. ஒரு கார் விபத்தில் காயமடைந்து, 2018 அக்டோபர் 2 அன்று, நாற்பது வயதில் இறந்துபோனார். இந்த ஊரே அன்று அழுதது. வடிவேலுவில் தொடங்கிய ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

இவர்கள் எல்லாரையும் மாறி மாறிக் கேட்டதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. இரண்டு இசையை ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் ஃப்யூஷன் ஆகிவிடாது. கடன் வாங்கியதை அடிவரை கற்க வேண்டும். பக்கத்தில் வாசிப்பவரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேகமும் வெளிச்சமும் மட்டும் உள்ள ஃப்யூஷன் நிகழ்ச்சிகள் மறுநாள் மனதில் நிற்பதில்லை. இவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் நிற்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 'மிண்ட் ஜாம்ஸ்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் 'அசயாகே', 'டாமினோ லைன்' இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு டி-ஸ்கொயரின் 'ட்ரூத்'. கிதார் பிடித்தவர்களுக்கு கஸூமி வதனபேயின் 1980 ஆம் ஆண்டுத் தொகுப்பு 'டோ சி கா', மசயோஷி தகனகாவின் 1976 ஆம் ஆண்டுத் தொகுப்பு 'சேஷெல்ஸ்'. இன்றைய தலைமுறையில் பியானோ மேதை ஹிரோமி. அவற்றோடு சக்தியையும் பாலபாஸ்கரையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் வீட்டில் வயலினோ மிருதங்கமோ கற்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். குரு சொல்லித் தரும் பாடத்துக்கு இது எதிரி அல்ல. அந்தப் பாடம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சாட்சி.