முதுகில் ஏறிய வெள்ளி

மெக்சிக்கோவின் குவானஹுவாத்தோ என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஈரக்கல்லின் வாசனை. குவாதலஹாராவில் வேலை பார்த்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் முடிந்து நானும் மனைவியும் நேரே பேருந்து ஏறினோம். இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. நிலையத்தில் பிடித்த டாக்சி சட்டென்று பூமிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கல் சுவர், தலைக்கு மேல் வளைவு வளைவாகக் கல், அதற்கும் மேலே யார் வீட்டின் அடித்தளமோ. அது ஒரு காலத்தில் ஆறு ஓடிய வழி. மழைக்காலத்தில் ஊரைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்த ஆறு. 1905 வெள்ளம் மிகக் கொடியது. ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு, 1960களில் அதன் படுகையை வண்டிச் சாலையாக்கினார்கள்.

மேலே வந்தால் வேறு ஊர். மஞ்சளும் ரோஜாவும் நீலமுமாக மலைச்சரிவெங்கும் வீடுகள். ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். எதிரெதிர் மாடங்கள் தொட்டுக்கொள்ளும் முத்தச் சந்தில் படம் எடுக்க நீண்ட வரிசை, நாங்கள் நிற்கவில்லை. உனியோன் பூங்காவில் இந்திய லாரல் மரங்களைக் கூரைபோல வெட்டி வைத்திருந்தார்கள், நம் இச்சி மரத்தின் இனம்தான். பழைய கால மாணவர் உடையில் ஒரு பாட்டுக் குழு கூட்டத்தைச் சந்து சந்தாக அழைத்துப் போனது. மனைவி அதோடு போய்விட்டாள். நான் என்சிலாதாஸ் மினேராஸ் சாப்பிட உட்கார்ந்தேன். சோள ரொட்டியைச் சுருட்டி, மேலே உருளைக்கிழங்கும் காரட்டும் குவித்துத் தரும் என்சிலாதா. பெயரிலேயே சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் சுரங்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

மறுநாள் காலை மேட்டில் உள்ள வலென்சியானாவுக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உலகிலேயே அதிக வெள்ளி தந்த சுரங்கங்களில் ஒன்று அது. அந்தப் பணத்தில் 1788இல் கட்டி முடித்த சான் கயேத்தானோ தேவாலயம் பக்கத்திலேயே நிற்கிறது. உள்ளே மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய பீடங்கள் தரையிலிருந்து கூரை வரை. கண் கூசும் அழகு, மறுக்க மாட்டேன்.

அப்புறம் சுரங்க வாய்க்குள் இறங்கினோம். கூட்டிப்போனவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். ஓரிடத்தில் நின்று, கல்லைச் சுமந்தவர்கள் எப்படிக் குனிந்து ஏறினார்கள் என்று தன் முதுகை வளைத்துக் காட்டினார். தெனத்தேரோ என்று அவர்களுக்குப் பெயர். 1803இல் இங்கே வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட், நூறு கிலோவுக்கு மேல் தாதுக்கல்லை முதுகில் சுமந்தபடி அவர்கள் ஆறு மணி நேரம் படி ஏறி இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். வெறும் கையோடு ஏறிய எனக்கு முழங்கால் நடுங்கியது.

அந்தப் படிகளில் நிற்கும்போது சென்னையின் சைதாப்பேட்டைப் பாலம் நினைவு வந்தது. மெக்சிக்கோ வெள்ளி அகாபுல்கோவில் கப்பலேறி மணிலா போகும். சோழமண்டலக் கரையில் நெய்த துணி சென்னையிலிருந்து மணிலா போகும். துணி கொடுத்தவர்கள் வெள்ளியோடு திரும்பினார்கள். அந்த வாணிபத்தில் செல்வம் சேர்த்த ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726இல் அடையாற்றின் குறுக்கே கட்டியதுதான் பழைய மர்மலாங் பாலம். இன்று அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். பள்ளிக்கூட நாளெல்லாம் நான் கடந்த பாலம். உஸ்கான் கைக்கு வந்த காசில் இந்த மலையின் வெள்ளியும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நெய்தவர் பெயரும் தெரியாது, சுமந்தவர் பெயரும் தெரியாது.

மத்தியானம் அல்ஓந்திகா தானியக் கிடங்கு. 1810 செப்டம்பர் 28 அன்று இதற்குள் ஒளிந்த ஸ்பானியர்களை, விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோவின் படை முற்றுகையிட்டது. பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி குண்டு படாமலிருக்க ஒரு கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது கதை. உள்ளே நடந்தது கொடூரமான படுகொலை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு ஸ்பானிய ஆட்சியினர் பதிலுக்கு இதால்கோ உள்ளிட்ட நால்வரின் தலைகளைக் கூண்டில் அடைத்து நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டார்கள். 1821 வரை தொங்கின. பீப்பிலா நிஜமாக வாழ்ந்தானா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். காலையில் முதியவர் முதுகை வளைத்துக் காட்டியதைப் பார்த்த எனக்கு அந்தச் சந்தேகம் பெரிதாகப் படவில்லை. கல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பது அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்களின் அன்றாடம்.

அன்று காலை தேவாலயத்தில் நிற்க இடமில்லை. சுரங்க வாயில் எங்களோடு இறங்கியவர்கள் சிலர்தான். நீங்கள் அந்தப் பக்கம் போனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறுங்கள். பொற்பீடத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.