விருந்தாளியின் தூண்டிற் பெட்டி

பிறர் வீட்டு விருந்துக்குச் செல்பவர் இலையையும் அரிசியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு செல்வதில்லை. ஆனால், பிறர் வள்ளத்தில் மீன் பிடிக்கச் செல்பவர் மட்டும் இந்த நாகரிகத்தை எப்படியோ மறந்துவிடுகின்றார். தம்மிடமுள்ள தூண்டில், முள், ஈயம் அனைத்தையும் வாரிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றார். அவ்வாறு மறந்தவருள் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு, தோப்பூர் சென்றுவந்த கதையைத் தொடங்குகின்றோம்.

சித்திரை விடுமுறையில் ஒரு வியாழன் மாலை திருகோணமலையிலிருந்து புறப்பட்டோம். கொட்டியாரக் குடாவைச் சுற்றிச் செல்லும் இந்த வழியில் முன்னர் ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கங்கை இக்குடாவிலேதான் கடலோடு கலக்கின்றது.

மூதூரைக் கடக்கையில் ரொபட் நொக்ஸ் நினைவுக்கு வந்தார். புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல் 1659இல் இக்குடாவை நாடி வந்தது. மறு ஆண்டு கண்டியரசனின் ஆட்களிடம் சிக்கிய இளைஞர் நொக்ஸ், ஏறத்தாழ 19½ ஆண்டுகள் இத்தீவிலே சிறையிருந்து 1679இல் தப்பினார். அத்தனை ஆண்டுகளை அவர் கையில் கிடைத்ததைக் கொண்டே கழித்தார். ஆறு மணி நேர மீன்பிடிக்குச் சென்ற நாமோ, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டு சென்றோம்!

அப்பெட்டியில் இருந்தவற்றைக் கேளுங்கள். தூண்டிற் கோல்கள் நான்கு. நூற்சுருள் ஏந்திகள் மூன்று. பல நிறப் போலி மீன்கள் நாற்பதுக்கு மேல். மும்முட்கள் ஒரு பை. ஈயக் குண்டுகள் மட்டுமே இரண்டு கிலோ. இவற்றிற் பாதியை நாம் ஒருநாளும் நீரில் நனைத்ததில்லை. எனினும், “எதற்கும் இருக்கட்டும்” என்னும் இரண்டு சொற்களுக்கு எத்தனை பாரத்தையும் தூக்கவைக்கும் ஆற்றல் உண்டன்றோ?

தோப்பூர் வயலும் தென்னையும் சூழ்ந்த ஊர். நமது நண்பர் அங்கு மீன்பிடித்து வாழ்பவர். நம்மிலும் மூத்தவராதலின் ‘நானா’ என்றே அழைப்போம். 2006ஆம் ஆண்டுப் போரின்போது ஊரைவிட்டு வெளியேறிப் பின்னர் மீண்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. மீண்டபின் கடன்பட்டு வாங்கிய 18 அடி வள்ளமே அவருடைய சொத்து.

வெள்ளிக்கிழமை விடியுமுன் களப்பின் கரையை அடைந்தோம். நண்பகற் தொழுகைக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நானா நமது பெட்டியை ஒருமுறை பார்த்தார். பின் வள்ளத்தைப் பார்த்தார். இருளில் எதையோ தூக்கிக் கரையில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்து, “பெட்டியை நடுவிலே வையுங்கள் மாஸ்டர், இடம் இருக்கிறது” என்றார். அவருடைய இளைய மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தந்தையின் பார்வை அவனை அடக்கிற்று.

நாம் தேடிச் சென்றது கொடுவா மீன். அவுஸ்திரேலியர் பரமுண்டி என்றும், சிங்களவர் மோதா என்றும் அழைப்பது இதனையே. நன்னீரிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிடக் கழிமுகத்தை நாடும் இயல்பினது. பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் விந்தையும் இதற்கு உண்டு. கண்டல் வேர்களின் நிழலிலே பதுங்கியிருந்து இரையின்மேற் பாயும். இதன் செவுள்மூடி கத்திபோற் கூரியது. மெல்லிய தங்கூசியை நொடியில் அறுத்துவிடும். ஆதலின் நூலின் நுனியில் தடித்த தங்கூசித் துண்டு ஒன்றை இணைத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நூல்களிற் படித்திருந்தோம். பயன் என்ன? நாம் வீசிய முதற் போலி மீன் கண்டல் வேரிற் சிக்கிற்று, இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதைத் தேடிப் பெட்டியைக் கிளறியபோது மும்முள் ஒன்று தவறிப் பலகையில் விழுந்தது. வள்ளத்தில் எல்லோரும் வெறுங்காலினர். சிறுவனின் பாதம் அரை அங்குல இடைவெளியில் தப்பிற்று. அதன்பின் பெட்டியை மூடிவிட்டோம். நானாவோ மரத்துண்டிற் சுற்றிய ஒற்றை நூல், ஒரு முள், உயிருள்ள ஓர் இறால் ஆகியவற்றைக் கொண்டு ஒரு முழத்துக்கு மேற்பட்ட கொடுவா ஒன்றைப் பிடித்தார். நூலை நம் கையிற் கொடுத்து இழுக்கவும் செய்தார். அன்று கிடைத்த பெரிய மீன் அது ஒன்றே.

கச்சான் காற்று எழுமுன் கரை திரும்பினோம். அப்பொழுதுதான் மரத்தடியில் கிடந்ததைப் பகல் வெளிச்சத்திற் கண்டோம். அது நானாவின் வலை.

“வாப்பா போகும்போது வலையைப் போட்டுவிட்டு, வரும்போது எடுப்பார், இன்றைக்குப் பெட்டி வைக்க இடம் இல்லையே” என்றான் சிறுவன். நானா அவனை அதட்டினார். ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் மரத்தடியில் உலர்ந்து கிடந்தது. அதன் இடத்தில் நமது நாற்பது போலி மீன்கள் சவாரி செய்திருந்தன! பணம் கொடுக்க முற்பட்டோம். “விருந்தாளியிடம் கூலி வாங்குவதா மாஸ்டர்?” என்று கையை விலக்கிவிட்டு, அந்தக் கொடுவாவையும் ஓலைப் பறியில் இட்டு நம்மிடமே தந்தார். அம்மீன் அன்று நமக்குச் சுவைக்கவில்லை.

வீடு திரும்பியதும் பெட்டியைக் கவிழ்த்துப் புதிதாகப் பொறுக்கினோம். இரண்டாகக் கழற்றத்தக்க கோல் ஒன்று, நூற்சுருள் ஒன்று, தடித்த தங்கூசி இரண்டு பாகம், முள் ஆறும் சிறிய ஈயம் நான்கும், மூடியுள்ள ஒரு பேணிக்குள், முள்ளைக் கழற்ற ஒரு குறடு, தொப்பி, தண்ணீர், எல்லோரும் பகிர்ந்துண்ணப் போதிய உணவு. அனைத்தும் ஒரு துணிப்பையில் அடங்கின. உயிர்காப்பு அங்கி ஒன்றை மட்டும் பாரம் என்று எண்ணி விடலாகாது; அதனை உடலில் அணிந்தே செல்லல் வேண்டும்.

இவற்றைக் கட்டுமுன் வள்ளக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டறிதல் நன்று. எந்த மீனை நாடிச் செல்கின்றோம்? வள்ளத்தில் எத்தனை பேர்? அன்று அவருக்கு அங்கே என்ன வேலை உண்டு? மூன்றாவது கேள்வியை நாம் கேட்டிருந்தால் வலை கரையிற் கிடந்திராது. நமக்குப் பொழுதுபோக்காகும் வள்ளம் அவருக்கு உழவனின் வயல் போன்றதாகும்.

ஆவணி விடுமுறையில் மீண்டும் சென்றோம். துணிப்பையைக் கண்ட நானா, “பெட்டி எங்கே மாஸ்டர்?” என்றார். “வலைக்கு இடம் வேண்டுமே, நானா” என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவரிலும் உரக்கச் சிரித்தவன் சிறுவன். அன்று நமது தூண்டிலில் ஒரு மீனும் அகப்படவில்லை. ஆனால், திரும்பும் வழியில் வலையின் ஒரு தலைப்பை நம் கையிலே தந்தார்கள். மணலையும் திரளியுமாக அது கனத்து வந்தபோது, நம் உள்ளத்திலிருந்த பாரம் சிறிது குறைந்தது.