பாசையூர்க் கரையிலே ஒரு பூனை

யாழ்ப்பாணத்துக் குருநகருக்குக் கிழக்கே, பரவைக் கடலோரத்தில் அமைந்தது பாசையூர். அந்தோனியார் கோயிலை அடுத்த கரையில் விடியுமுன்னரே மீன் கூறும் குரல் எழுந்துவிடும். வாங்குவோரின் காலடியிற் பூனைகளும் காத்திருக்கும்.

அவற்றுள் ஒன்று நொண்டியது. பின்னங்காலில் தூண்டில் நூல் இறுகியிருந்தது. சாக்கினாற் போர்த்துப் பிடித்து மீன் தராசில் நிறுத்தோம், 2 கிலோதான். வளர்ந்த பூனைக்கு அது குறைவே. நம் கையிலோ பேருந்துக் காசு போகச் சொற்பமே இருந்தது.

மேலே சுற்றிய நூலை நறுக்கினோம். தசையிற் புதைந்ததைத் தொடவில்லை. கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுப் புண்ணைக் கழுவினோம். அவித்து முள் நீக்கிய சூடை மீனைச் சிறிது சிறிதாக, நாளுக்கு நாலைந்து தடவை கொடுத்தாற் போதும். பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும்.

அயல்வீட்டு மூதாட்டி பரிவோடு பரசிற்றமோல் வில்லை கொண்டுவந்தார்.

“வேண்டாம் ஆச்சி, பூனைக்கு அது நஞ்சு” என்றோம்.

“மனிசருக்கு நல்லதெல்லோ, தம்பி?”

பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறிக்கும் வல்லமை இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். ஒரு வில்லையே உயிரைக் குடிக்கலாம். ஆச்சி வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

தகரத்திலடைத்த உணவுக்குக் காசை இறைப்பதிலும், மிருக வைத்தியருக்கு ஒருமுறை கொடுப்பதே மேல் என்பது நம் எண்ணம். மீந்த காசு அதற்கே போயிற்று. பிடிக்கும்போது கடிபட்டவர், சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி அங்கு இலவசம்.

நூல் நீக்கிய பூனையை ஆச்சி தம் அடுக்களை மூலைக்கே கொண்டுசென்றார்.